காலேஜ் ராஜகுருவுக்குக் காதுகுத்து

தையல்காரர் ஏசுவடியானுக்கு ராஜகுரு தரவேண்டிய பாக்கி இருபத்தேழு ரூபாய் ஆறணா. ஆகையால் சனிக்கிழமைதோறும், மதுரையிலிருந்து வருகிற, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ் அருப்புக்கோட்டைக்குள் நுழையும் முன்பே, ஆடு மேய்க்கிறவர்கூட இறங்காத ஓர் இடத்தில் "ஹோல்டான்!" என்று குரல் கொடுத்து இறங்கிக்கொள்வான். பஸ் போய் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே ஏசுவடியானின் கடை. மனுஷர் மிஷினை மிதித்துக்கொண்டே, இறங்குகிற கால்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துவிடுவார். மற்றவர்களுக்கு ஆளை அடையாளம் காண முகம் வேண்டும். அவருக்குக் கால்சட்டையின் மடிப்பே போதும். மடித்துத் தைத்தவர் அவர்தானே.

இறங்கிய பிள்ளை ஊரைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் தொடங்கும். கோயிலைச் சுற்றினால் புண்ணியமாவது கிடைக்கும். வெள்ளை டிரில் கால்சட்டையை முழங்காலுக்குமேல் சுருட்டி, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்து, நாவலைக் கக்கத்தில் இடுக்கி, முள் மண்டிய உடைமரக் காட்டுக்குள் புகுந்து, கண்மாய்க் கரையில் ஏறி இறங்கி, ஊருக்குத் தெற்கே பந்தல்குடி ரோட்டில் வந்து சேர்வான். அங்கே சுருட்டியது இறங்கும், பூட்ஸ் ஏறும், சட்டைப் பையிலிருந்து சீப்பு வெளியே வரும். தூத்துக்குடி பஸ்ஸில் இருக்கிறவர்கள் பார்க்கும்போது, கை காட்டி நிற்கிறவன் இப்போதுதான் சீமைக் கப்பலிலிருந்து இறங்கியவன் மாதிரி இருப்பான். பூட்ஸுக்குள் குத்திக்கொண்டிருக்கும் நெருஞ்சி முள் அவனுக்கும் நெருஞ்சிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இந்தச் சீமான், பந்தல்குடி மிளகாய்க் கடை பால்ச்சாமியின் ஒரே மகன். வயது பத்தொன்பது. மதுரையில் காலேஜ் படிப்பு. உலகச் சண்டை முடிந்த மறுவருஷம் அது. ஒரு முழம் துணிக்குக் கூப்பனை வைத்துக்கொண்டு குடும்பமே வரிசையில் நிற்கிற காலம். அந்தக் காலத்தில் அவனிடம் டிரில் கால்சட்டை இரண்டு, புஷ்கோட் ஒன்று, பட்டை பட்டையாகக் கோடு போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று. அவ்வளவும் ஏசுவடியான் எங்கெங்கோ சொல்லிவைத்துத் துணி பிடித்து, தன் காசைப் போட்டு வாங்கித் தைத்துக் கொடுத்தவை. இதை எழுதுகிறவன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். முதன்முதலில் சட்டை போட்டது கல்யாணத்தன்று, அதுவும் இரவல். மறுநாள் அதைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் பிழைப்புத் தேடிப் புறப்பட்டான். இன்றைக்கு அவனிடம் சம்பளம் வாங்குகிற கணக்கப்பிள்ளைகள் சட்டை போட்டிருக்கிறார்கள். இந்தக் கதையை ராஜகுருவிடம் சொன்னால், "அதெல்லாம் அந்தக் காலம் அண்ணாச்சி" என்று முடித்துவிடுவான். அவன் பிறப்பதற்கு முந்தியதெல்லாம் அவனுக்கு மகாபாரத காலம்.

அவனுடைய சொத்தில் தலையாயது தலைதான். நெற்றியில் ஓர் அலை எழும்பி, பின்னால் போய்ப் படுக்கிற மாதிரி ஒரு கிராப்பு. மழையையே மறந்துபோன அந்தச் சீமையில் அலை என்று ஒன்று உண்டென்றால் அது அவன் நெற்றியில்தான். மதுரையில் வாங்கிய வாசனை எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு அப்பாவின் கடைக்குள் நுழைந்தான் என்றால், முப்பது வருஷம் மிளகாய் நெடியில் தும்மாத பால்ச்சாமி தொடர்ந்து தும்முவார்.

"ஏலே, மூட்டையில போயி சாஞ்சிராத. வத்தல் பூராவும் மணக்க ஆரம்பிச்சா எவன் வாங்குவான்?"

சங்கீதத்திலும் பிள்ளைக்குப் பற்று அதிகம். கிராமபோன் கிடையாது, இசைத்தட்டு ஒன்று உண்டு. அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, எந்த வீட்டில் கிராமபோன் இருக்கிறதோ அந்த வீட்டுக்குப் போவான். பஞ்சு ஏஜெண்டு வீட்டில் ஒன்று, காப்பிக் கிளப்பில் ஒன்று. பெட்டி அவர்களுடையது, தட்டு தன்னுடையது, ஆகவே கச்சேரி தன்னுடையது என்பது அவன் சித்தாந்தம். சண்டையில் ஊசிக்குப் பஞ்சம் வந்தபோது, உடைமுள்ளை ஒடித்து நுனியைச் சீவிச் சொருகும் வித்தையை அந்த வட்டாரத்துக்கு அவன்தான் கொண்டுவந்தான். பாடுகிறவருக்குச் சளி பிடித்த மாதிரி இருக்கும். "கேளுங்க, எப்படி ஒரு கனம் சாரீரத்துல!" என்று கண்ணை மூடித் தலையாட்டுவான். கிராப்பு மட்டும் ஆடாது.

படிப்பாளிதான், சந்தேகமில்லை. துப்பறியும் நாவலைக் கடைசி அத்தியாயத்திலிருந்து படிப்பான். "கொலைகாரன் யாருன்னு தெரியாம எப்படிங்க நிம்மதியாப் படிக்கிறது?" என்று கேட்பான். தான் அடைந்த நிம்மதியைப் பக்கத்து ஸீட்டுக்காரரும் அடையட்டும் என்று, அவர் மடியிலிருக்கும் நாவலின் அட்டையைப் பார்த்ததுமே, "அந்தச் சமையக்காரந்தான்" என்று சொல்லிவிடுவான். திருச்சுழியில் திருவிழா என்றால் முதல் ஆள். சாமியைப் பார்க்க அல்ல. சாமி பார்க்க வந்த கூட்டம் தன்னைப் பார்க்க. டூரிங் கொட்டகையில் படம் மாற்றினால் அன்றே ஆஜர். இடைவேளையில் விளக்குப் போட்டதும் எழுந்து நின்று, தெரிந்தவர் யாரையோ தேடுகிற பாவனையில் நாலு பக்கமும் திரும்பிப் புஷ்கோட்டைக் காட்டிவிட்டுத்தான் உட்காருவான்.

இத்தனைக்கும் பால்ச்சாமி மாதா மாதம் கொடுத்தது காலேஜ் சம்பளமும் ஹாஸ்டல் சாப்பாடும் போக நாலு ரூபாய். அவர் இடுப்பில் வேட்டி, தோளில் துண்டு, அதற்குமேல் ஒரு நூல் கிடையாது. தலைச்சுமையாக வத்தல் விற்று ஓட்டுக் கடை போட்டவர். மகனைக் காலேஜுக்கு அனுப்பிய அன்று அவர் சொன்ன உபதேசம் ஒன்றே ஒன்று:

"பெயிலாப் போ, பரவாயில்ல. எவன்ட்டயாவது கடன்னு எங் காதுல விழுந்துச்சோ, அன்னைக்கே பெட்டியக் கட்டிட்டு மொளகா மூட்டைக்கு வந்துரு. எங் கடையில நான் கடன் குடுத்ததும் இல்ல, எவன் கடையிலயும் வச்சதும் இல்ல."

மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் உடைமரத்துக்குப் பொறுமை போய்விட்டது. பிரதட்சிணத்தின் நடுவே ஒரு கிளை அவனுடைய டிரில்லைப் பின்பக்கமாகப் பிடித்து இழுத்தது. இவன் முன்னால் இழுத்தான். ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்தது.

அந்த டிரில் துணியில் ஒட்டுப் போட ஜில்லாவில் ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டுத் துண்டு இருந்தது. எந்த வாசலுக்குப் பயந்து காடு சுற்றினானோ, அந்த வாசலுக்கே நாவலைப் பின்னால் மறைப்பாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்து போய்ச் சேர்ந்தான்.

ஏசுவடியான் மிஷினை நிறுத்தவில்லை. வாயில் ஒரு கீர்த்தனை முனகலாக ஓடிக்கொண்டிருந்தது. அடியை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"வாங்க தம்பி. பஸ்ஸு நம்ம வாசல்ல நிக்கிறதில்லையோ இப்பல்லாம்?"

"இல்ல அண்ணாச்சி... காத்தாட நடந்து வரலாம்னு."

"உடங்காட்டுல காத்து நல்லாத்தான் வரும். பின்னால வரைக்கும் வந்திருக்கு போல."

ராஜகுரு நாவலை இன்னும் இறுக்கிப் பிடித்தான். ஏசுவடியான் தன்னுடைய பழைய நாலு முழ வேட்டி ஒன்றை எடுத்துப் போட்டார். கால்சட்டை கைமாறியது. கிழிசலை விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். கன்றுக்குட்டிக்குக் காயம் பட்டால் பார்க்கிற மாதிரி.

"தச்சு வைக்கிறேன். ஆனா இது இங்கனயே கெடக்கட்டும். பங்குனி முடிய ஒங்களுக்குத் தவணை. இருபத்தேழு ரூவா ஆறணா. சித்திரை பொறந்துச்சுன்னா, நான் பந்தல்குடிக்கு பஸ் ஏறி, ஒங்கப்பாரு கடையில, அந்தப் புளிக் கூடைக்குப் பக்கத்துல போயி ஒக்காந்துக்குவேன். ஒண்ணும் பேச மாட்டேன். சும்மா ஒக்காந்திருப்பேன். அவுக கேப்பாக, ஏன் வந்தேன்னு."

"அண்ணாச்சி, அப்பாவுக்குத் தெரிஞ்சா எம் படிப்பே போயிரும்."

"எம் மக ஞானப்பூ கல்யாணத்துக்குக் கையக் கட்டி நின்னு ரெண்டு ரூவா மொய் எழுதுன மனுசன் ஒங்கப்பாரு. அவுக கிட்ட வந்து கேக்க எனக்கு மட்டும் இனிக்குதா? துணி வாங்குன எடத்துல எனக்கு நெருக்குறான் தம்பி."

வேட்டியோடு பந்தல்குடி போய்ச் சேர்ந்த ராஜகுருவுக்கு அன்று மாலை முழுதும் ஒரு சொல் மண்டைக்குள் சுற்றியது: மொய். காலேஜில் பொருளாதாரம் என்று ஒரு பாடம். முடங்கிக் கிடக்கிற மூலதனத்தைக் கிளப்பிவிட்டால்தான் நாடு முன்னேறும் என்று அதில் போட்டிருக்கிறதாம். பால்ச்சாமியின் மூலதனம் எங்கே முடங்கிக் கிடக்கிறது? பதினெட்டு வருஷமாக ஊரில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சடங்கு எல்லாவற்றிலும் மொய்யாகப் போய் முடங்கிக் கிடக்கிறது. போட்ட மொய் திரும்ப வேண்டுமானால் நம் வீட்டில் ஒரு விசேஷம் வேண்டும். அந்த வீட்டில் விசேஷமே நடந்ததில்லை. ஒரே பிள்ளை. அந்தப் பிள்ளைக்குக் காதுகூடக் குத்தவில்லை. "யாவாரம் ஒரு நெலைக்கு வரட்டும்" என்று வருஷா வருஷம் தள்ளிப்போட்டு, பிள்ளைக்கு மீசை வந்துவிட்டது. குத்தாத காதுதான் நாகரிகம் என்று பிள்ளையும் இத்தனை நாள் மதுரையில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

மொய்ப் பணம் அப்பாவுக்கு. அது அவனுக்குத் தெரியும். ஆனால் வந்தவர்கள் பிள்ளையின் கையில் தனியாக வைக்கிற காசு பிள்ளைக்கு. சொந்தம் அறுபது வீடு. வீட்டுக்கு அரை ரூபாய் என்றாலும் முப்பது. நாடு முன்னேறுவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

அம்மியில் அரைத்துக்கொண்டிருந்த அம்மா வெள்ளைத்தாயிடம் போய் உட்கார்ந்தான்.

"எம்மா, எனக்கு ஏம்மா காது குத்தல?"

வெள்ளைத்தாயின் கை நின்றது. "ஏன்யா, எவளும் ஏதும் சொன்னாளா?"

"இல்லம்மா. அய்யனாருக்கு நேந்தது அப்படியே கெடக்கே. ராத்திரி நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது."

அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய் அரைத்த கையால் துடைத்ததில் இன்னும் கலங்கியது. மகனுக்குப் பக்தி வந்ததை அன்றே புருஷனிடம் சொன்னாள். பால்ச்சாமி கொஞ்ச நேரம் மகனை ஏற இறங்கப் பார்த்தார்.

"பத்தொம்பது வயசுல சாமி வந்துருச்சாக்கும்."

ஆனால் அவர் மனசும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. அவருக்கு நோட்டுப் புத்தகம் தேவையில்லை. எவன் வீட்டில் எந்த வருஷம் எத்தனை போட்டோம் என்பது நெற்றிக்குப் பின்னால் வரிசையாக நிற்கிறது. எழுதத் தெரியாதவன் மறப்பதில்லை. எழுதி வைக்கிறவன்தான் மறப்பான். பங்குனிக் கடைசியில், காலேஜ் லீவு விட்டதும், ஊருக்கு வெளியே கரிசல் காட்டு அய்யனார் கோயிலில் காதுகுத்து என்று நாள் குறித்தார்கள்.

எம்.ரெட்டியபட்டியிலிருந்து தாய்மாமன் உக்கிரபாண்டி வந்து பேசியபோதுதான் பொருளாதாரத்தில் போடாத ஒரு சங்கதி கிளம்பியது.

"மொட்ட எத்தன மணிக்கு, காது எத்தன மணிக்கு?" என்றார் மாமன்.

"மொட்டையா?" ராஜகுருவின் கை தானாகத் தலைக்குப் போனது. "காது மட்டுந்தான மாமா? முடி எதுக்கு?"

"மொட்டயில்லாம காதுகுத்தா? உப்பில்லாம கருவாடா? ஏலே மாப்ளே, காது ஒனக்கு, முடி சாமிக்கு. சாமி பங்க நீ அமுக்கப் பாக்குறியா?"

அன்றிரவு ராஜகுரு கண்ணாடிக்கு முன்னால் வெகுநேரம் நின்றான். இந்தப் பக்கம் அலை; அந்தப் பக்கம் மிளகாய் மூட்டை. முடி போனால் வளரும், காலேஜ் போனால் வளராது என்ற முடிவுக்கு வந்தான். அவன் படித்த படிப்பில் உருப்படியாக விளைந்த ஒரே முடிவு அது.

காதுகுத்து அன்று உக்கிரபாண்டி வந்த வரவைச் சொல்ல வேண்டும். சண்டைக் காலத்துப் பருத்தி விலையில் கையில் காசு புரண்டவர். மாலை போட்ட கிடாய், தேங்காய்த் தட்டு, பழத் தட்டு, கல் வைத்த கடுக்கன், புது வேட்டி என்று மேளத்தோடு வந்து இறங்கி, கோயில் வாசலில் நின்று மீசையை முறுக்கினார். "பருத்தி வித்த காசு. எம் மருமகனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்? கேட்டத செய்வான் இந்த உக்கிரபாண்டி!" காலையிலிருந்து இதை எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். பால்ச்சாமி சொல்லிக்கொண்டிருந்தது வேறு. "அடுத்தாப்புல பி.ஏ., அதுக்கு மேல வக்கீலு. பந்தல்குடியில கோட்டு மாட்டப் போற மொத ஆளு நம்ம பய."

வக்கீல் அப்போது கல்லின்மேல் குத்தவைத்துத் தலையைக் குனிந்திருந்தார். நாவிதர் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்தார். எண்ணெயில் தண்ணீர் நிற்கவில்லை. "என்ன தம்பி, வாத்து முதுகாட்டம் இருக்கு?" என்று சொல்லி, மண்ணைத் தேய்த்து எண்ணெயை எடுத்துவிட்டு, கத்தியை வைத்தார். அலை அலையாக விழுந்தது. அந்தத் தலைக்கு அதுவரை ஊற்றிய எண்ணெய்க்கு அய்யனார் விளக்கு ஒரு வருஷம் எரிந்திருக்கும். ஓரத்தில் வாடகைக்கு எடுத்துவந்த கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. ராஜகுருவின் அதே ஒற்றைத் தட்டு, முன்பக்கம் தீர்ந்தால் பின்பக்கம், பின்பக்கம் தீர்ந்தால் முன்பக்கம், உடைமுள்ளில் தொண்டை கட்டிக்கொண்டு. தன் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே தன் முடி போவதைப் பார்க்கிற பாக்கியம் எல்லாருக்கும் கிடைக்காது.

சந்தனம் அப்பிய மொட்டையோடு மாமன் மடியில் ஏறி உட்கார்ந்தான். மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறானா, பிள்ளைக்கு அடியில் மாமன் மாட்டிக்கொண்டாரா என்று சொல்ல முடியவில்லை. மாமனைவிட அவன் ஒரு பிடி உயரம். காலை நீட்டினால், காது குத்த எதிரே உட்கார்ந்திருந்த ஆசாரியின் முழங்காலில் இடித்தது.

"பிள்ள அழுதுறப் போறான், வாயில பழத்த வைங்கடி" என்றாள் ஒரு கிழவி. யாரோ வைத்தார்கள்.

வாயில் பழத்தோடு நிமிர்ந்தபோதுதான் ராஜகுரு அதைப் பார்த்தான். மொய் எழுதுகிற இடத்தை நோக்கி, கழுத்தில் அளவு நாடாவைக்கூடக் கழற்றாமல், ஏசுவடியான் நடந்து வந்துகொண்டிருந்தார். ஞானப்பூ கல்யாணத்து இரண்டு ரூபாயைத் திருப்ப வேண்டுமே. அழைப்புப் போயிருக்கிறது, வந்திருக்கிறார். மொய்த் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் காவல் தெய்வம் மாதிரி உட்கார்ந்திருந்தவர் பால்ச்சாமி. ஆசாரி ஊசியை எடுத்தார். ஏசுவடியான் தாம்பாளத்தில் காசைப் போட்டார். ஆசாரி வலது காதில் குத்தினார். ராஜகுருவுக்கு உறைக்கவே இல்லை. "அடேயப்பா, மலையாட்டம் ஒக்காந்திருக்கானே!" என்று கூட்டம் மெச்சியது. இடது காதும் முடிந்து ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துவிட்டார். அப்போது ஏசுவடியான் குனிந்து பால்ச்சாமியின் காதருகே என்னமோ சொன்னார்.

ராஜகுரு "ஐயோ!" என்று அலறினான். பழம் தெறித்தது.

"என்னடா இது, குத்துனது போன வருசம், வலிச்சது இந்த வருசமா?" என்று சிரித்தார்கள். ஏசுவடியான் பால்ச்சாமியிடம் கேட்டது வேறொன்றுமில்லை: "கறி ஒறைப்பா இருக்குமா? எனக்கு வயித்துப் புண்ணு." மிளகாய்க் கடைக்காரர் வீட்டு விருந்தில் இதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். பால்ச்சாமி அவரை முதல் பந்தியில் உட்காரவைத்தார். அரிசி கூப்பனில் முடங்கியிருந்த காலம். குதிரைவாலிச் சோறும் கிடாய்க் கறியும்.

கிழவிகள் ஒவ்வொருவராக வந்து பிள்ளையின் கையில் காசு வைத்தார்கள். கைப்பிள்ளைக்கு வைக்கிற வழக்கம், கைப்பிள்ளைக்கு வைக்கிற காசு. ஓரணா, அரையணா, ஒருத்தி காலணா வைத்துவிட்டு நெட்டி முறித்தாள். அறுபது வீட்டையும் கூட்டினால் மூன்று ரூபாய் தேறவில்லை. பந்தியிலே ஏசுவடியான், பங்குனியிலே மிச்சம் நாலைந்து நாள். வேறு வழி இல்லை. மாமன் மடி ஒன்றுதான் பாக்கி.

அங்கே ஒரு முறை உண்டு. காது குத்தி முடிந்ததும் பிள்ளையின் கையில் மாமன் மடிக்காசு வைக்க வேண்டும். வைத்தால்தான் பிள்ளை மடியைவிட்டு இறங்கும். பால் குடிக்கிற பிள்ளைக்கு அதெல்லாம் தெரியாது. ஒரு ரூபாய் வைத்துத் தூக்கி இறக்கிவிடுவார்கள். உக்கிரபாண்டி ஒரு ரூபாயை வைத்தார்.

"எந்திரி மாப்ளே. காலு மரத்துப் போச்சு."

"பத்தாது மாமா."

கூட்டம் குஷியாகிவிட்டது. உக்கிரபாண்டியும் சிரித்தார். "அடி சக்கை! படிச்ச பயலாச்சே. ரெண்டு ரூவா வச்சுக்க."

"பத்தாது."

"ஏலே, காலுல ரத்தம் ஓடல. எம்புட்டுத்தான் வேணும், சொல்லித் தொலை. கேட்டத செய்வான் இந்த உக்கிரபாண்டி!"

"இருபத்தேழு ரூவா ஆறணா" என்றான் ராஜகுரு.

முப்பது என்று சொல்லியிருந்தால் பிள்ளையின் ஆசை என்று போயிருக்கும். ஐம்பது என்றிருந்தால் விளையாட்டு. படித்த பிள்ளை, கணக்கு அணா சுத்தமாக வந்து விழுந்தது. சிரித்தவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். பால்ச்சாமி மட்டும் சிரிப்பை நிறுத்தினார். கல்லாவில் உட்கார்ந்து நரைத்த மனுஷர். ஆசைக்கு ஆறணா ஒட்டாது, பாக்கிக்குத்தான் ஒட்டும். எவனோ ஒருவனுக்கு இவன் அந்த ஆறணாவைத் தரவேண்டும். அவர் பார்வை மெதுவாகக் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் போயிற்று. எல்லா முகமும் மாமனையும் மருமகனையும் பார்த்துக்கொண்டிருந்தது. பந்தியில் ஒரே ஒரு மனுஷர், கழுத்தில் நாடாவோடு, வாழைக்காய் வறுவலை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்ப்பவர்போல இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராஜகுருவுக்கு அப்பாவின் முகம் தெரிந்தது. இரண்டு காதும் அப்போதுதான் ஒன்றாக வலித்தன.

பால்ச்சாமி எழுந்து வந்தார். அருகில் வந்து நின்று, மகனைப் பார்க்காமல் மைத்துனரைப் பார்த்தார்.

"குடுங்க மாப்ள. மடியில ஒக்காந்த பிள்ள கேட்டா மாமன் மறுக்கக் கூடாது. பருத்தி வித்த கையி. அந்த ஆறணாவ மறந்துராதீக."

காலையிலிருந்து அத்தனை பேரிடமும் சொன்ன சொல் உக்கிரபாண்டியைச் சுற்றி நின்றது. மீசையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். இடுப்பு வாரை அவிழ்த்தார். எண்ணி வைத்தார்.

"ஆறணா எதுக்குலே மாப்ளே? தலைக்குப் பூ வாங்கவா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ராஜகுரு இறங்கினான். மாமனை இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள்.

இருட்டுகிற நேரத்தில், அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, பால்ச்சாமி மகனைக் கூப்பிட்டார். வெள்ளைத்தாய் கதவோரம் நின்றாள்.

"தையக்காரருக்கா?"

"ம்."

"அவுக வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. அந்த மனுசனுக்காக விடுறேன்." துண்டை உதறித் தோளில் போட்டார். "வக்கீலு, கோட்டுன்னு காலையில ஊர் பூராச் சொல்லித் தொலச்சுட்டேன். இல்லாட்டி ஆயுசுக்கும் ஒனக்கு மொளகாதான். நாளைக்கு மொத பஸ்ஸுல போயி குடுத்துட்டு, மறு பஸ்ஸுல கடைக்கு வா. காலேஜ் தொறக்குற வரைக்கும் வத்தல் நிறுக்கணும். சட்ட கெடையாது."

மறுநாள் காலை பந்தல்குடி பஸ் அருப்புக்கோட்டையில் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. சந்தனம் காய்ந்த மொட்டையும், வேப்பெண்ணெய் மினுங்குகிற வீங்கிய காதும், சிவப்புக் கல் கடுக்கனும், இரவல் வேட்டியுமாக ஓர் ஆள் நேராக எதிர்க்கடைக்குள் போனான். ஏசுவடியான் வழக்கம்போலக் காலைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் நேரமாயிற்று.

"தம்பியா! நல்லாத்தான் இருக்கு. கோயில் செலையாட்டம் வழவழன்னு."

ராஜகுரு பணத்தை வெளியே எடுத்தான். ஏசுவடியான் மிஷின் சக்கரத்தைக் கையால் நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார். மாமன் பணம் ஒவ்வொன்றாக இறங்கியது. கடைசியில் ஆறணா. ஏசுவடியான் தலையசைத்து, ஒட்டுப் போட்டு மடித்துவைத்திருந்த கால்சட்டையை மறுகையால் எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒட்டுப் போட்ட இடம் கண்ணை வைத்துத் தேடினால்தான் தெரியும்.

"தீந்துச்சு தம்பி. இனிமே நேராவே வரலாம்."

ராஜகுரு நகரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடியை ஓரக்கண்ணால் பார்த்து, உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"அண்ணாச்சி... கதர்ல ஒரு தொப்பி தைக்கணும். வெள்ளையா. இப்ப காலேஜ்ல பாதிப்பேரு அதுதான் போடுறாங்க. தேசத்துக்காக."

"தேசத்துக்காக."

"ஆமா. கொஞ்சம் எறக்கமா. காது மறையுற மாதிரி."

"காது மறையுற தொப்பி கதர்ல கெடையாது தம்பி. அதுக்குப் பேரு கொரங்குக் குல்லா."

"பாதிக் காது மறைஞ்சாப் போதும்."

ஏசுவடியான் கழுத்து நாடாவை இடது கையால் உருவி, எட்டி அந்த மொட்டையைச் சுற்றிப் பிடித்து அளவு பார்த்தார். வலது கை விரித்தபடியே இருந்தது; அதில் பழைய பாக்கிக்கு வந்த பணம் அப்படியே இருந்தது.

"கடனுக்கு இல்ல" என்றார்.

ராஜகுரு வேட்டி முடிச்சை அவிழ்த்தான். கிழவிகள் வைத்த ஓரணாவையும் அரையணாவையும், அந்தக் காலணாவையும்கூட, அளவு நாடா தலையைச் சுற்றியிருக்கத் தலையை அசைக்காமல், விரித்திருந்த அந்தக் கையில் எண்ணி வைக்க ஆரம்பித்தான்.